பச்சைப் பெட்டி, 28 யூரோ: குழந்தைகளுக்கு வாங்கலாமா?

மார்ச் 17, அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாள், முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சோபா இடுக்கில் இன்னும் பச்சை ஜிகினா வந்துகொண்டே இருக்கிறது. அது தீர்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஜனவரியில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நானே மறுபடி வாங்கித் தொலைப்பேன். நாங்கள் இருப்பது டப்ளினில். பையனுக்கு ஆறு வயது, சீனியர் இன்ஃபன்ட்ஸ் (இங்கே தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வருடம்) படிக்கிறான். மகளுக்கு நாலு. வாங்கியது ஐரிஷ் வசந்தப் பண்டிகைகளுக்கான கைவேலைப் பெட்டி, விலை 28 யூரோ, அனுப்பும் கூலி தனியாக 4.95. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியை ஏழெட்டுப் பேர் விற்கிறார்கள், உள்ளே இருக்கும் சாமான் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஒருவரை மட்டும் பிடித்து உலுக்கிப் பயனில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டு எதற்கு என்பதையும் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் "பிரிஜிட் முதல் பேட்ரிக் வரை" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். இந்த ஊர்க் கணக்கில் வசந்தம் பிப்ரவரி 1 அன்றே பிறந்துவிடுகிறது. வெளியே பல் கிட்டும் குளிராக இருக்கும், ஆனாலும் பள்ளியில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றும் வசந்தம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிப்ரவரி 1 புனித பிரிஜிட் நாள், 2023 முதல் அதற்கு அரசு விடுமுறையும் உண்டு, பெரும்பாலும் பிப்ரவரி மாத முதல் திங்கள். மார்ச் 17 புனித பேட்ரிக் நாள், அது 1903 முதலே விடுமுறை. நடுவில் ஆறு வாரம், வெளியே மழை, வீட்டுக்குள் இரண்டு வாண்டுகள். பெட்டி அந்த ஆறு வாரத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஜனவரி 20ஆம் தேதி பணம் கட்டினேன். பெட்டி வந்தது பிப்ரவரி 9. பிரிஜிட் அம்மாள் அதற்குள் வந்து போய்விட்டார்.

உள்ளே என்ன இருந்தது? ஷாம்ராக் (அயர்லாந்தின் அடையாளமான மூவிலைச் செடி) வடிவத்தில் ஃபோம் முகமூடி இரண்டு, ஸ்டிக்கர் தாள் நாலு, அட்டைத் தொப்பி இரண்டு, நூல் கட்டிய ஆரஞ்சுத் தாடி இரண்டு, லெப்ரிகானை (ஐரிஷ் கதைகளில் வரும் குட்டி மாய மனிதன்) பிடிக்க ஓர் அட்டைப் பொறி, பிளாஸ்டிக் தங்கக் காசு இருபது, காகிதப் பாம்பு, கொடித் தோரணம், மினுக்கும் பேட்ஜ், ஜிகினாக் குழாய், ஆறு பைப் கிளீனர் (பஞ்சிழை சுற்றிய, வளையும் கம்பி), ஒரே ஒரு பசைக் குச்சி. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பசைக் குச்சி என்று யோசித்தவருக்குக் குழந்தைகளே கிடையாது என்று பந்தயம் கட்டுவேன்.

முகமூடி வேலை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. பெரிய ஃபோம் மேல் சின்ன ஃபோமை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கே ஒட்ட வேண்டும் என்று கோடு போட்டே கொடுத்திருக்கிறார்கள். மகள் கோட்டுக்கு வெளியே ஒட்டினாள், அண்ணன் அதைப் பிய்த்துச் சரியான இடத்தில் ஒட்டினான், அவள் அழுதாள். கைவேலை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை, யாரோ செய்து முடித்ததை நாம் மூடி வைக்கிறோம்.

அப்புறம் அந்தப் பிழைகள். தோரணத்தில் பெரிய எழுத்தில் "ஹாப்பி செயிண்ட் பேட்டிஸ் டே". தமிழில் படித்தால் ஏதோ புனிதரிடம் பேட்டி எடுக்கிற நாள் மாதிரி இருக்கிறது. இந்த ஊரில் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். பேட்ரிக்கின் ஐரிஷ் வடிவம் பாட்ரிக், அந்த ட-வை அழுத்தாமல் மென்மையாகச் சொல்ல வேண்டும், அதிலிருந்து வந்த செல்லப் பெயர் பேடி. ஒரு மெய்யெழுத்து கூடிப்போனால் அது பேட்ரிஷியா என்ற பெண்ணின் செல்லப் பெயர் ஆகிவிடும். பெட்டி செய்தவர்கள் அமெரிக்கச் சந்தையைப் பார்த்துச் செய்ததை அப்படியே அயர்லாந்துக்கும் விற்கிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

ஸ்டிக்கர் தாளில் பாதிக்கு மேல் நாலு இலை. ஷாம்ராக்குக்கு மூன்று இலைதான். பேட்ரிக் அதைக் கையில் பிடித்து மூவொரு கடவுளை விளக்கினார் என்பது கதை (கதை ஏட்டில் ஏறியதே 18ஆம் நூற்றாண்டில்தான், அவர் வாழ்ந்தது 5ஆம் நூற்றாண்டு, அது கிடக்கட்டும்). க்ளோவர் என்ற புல்வெளிச் செடியில் நாலு இலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது வேறு நம்பிக்கை, இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். பையன் அந்தத் தாளை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய், பக்கத்துப் பையன் எண்ணிக் காட்டிச் சிரித்து, திரும்பி வந்து என்னைக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

கொடி இன்னும் வேடிக்கை. அயர்லாந்துக் கொடியில் கம்பத்தை ஒட்டி இருப்பது பச்சை, அப்புறம் வெள்ளை, கடைசியில் ஆரஞ்சு. தோரணத்தில் இருந்த குட்டிக் கொடிகளில் கம்பம் வரைந்திருந்த பக்கம் ஆரஞ்சு. அப்படித் திருப்பினால் அது ஐவரி கோஸ்ட். மகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, மூன்று நிறத்தையும் பார்த்ததும் "நம்ம கொடி!" என்று கத்திவிட்டு நடுவில் நீலத்தில் ஒரு சக்கரம் வரைய ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் விடப் பிடித்திருந்தது.

இவ்வளவு பச்சைக்கு நடுவே யாழ் மட்டும் எங்கும் இல்லை. இந்த நாட்டின் அரசுச் சின்னம் யாழ்தான். டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கும் பழைய யாழை வைத்து வரைந்தது. இங்கே அச்சிட்ட எந்த யூரோ காசையும் திருப்பிப் பாருங்கள், ஒரு சென்ட் முதல் இரண்டு யூரோ வரை எல்லாவற்றிலும் அதே யாழ். காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக ஏறி வரும். சின்ன வயதில் நாம் எல்லோரும் செய்ததுதான். செலவு சுழியம். என் பர்சைக் கவிழ்த்து, ஜெர்மன் கழுகையும் மற்ற நாட்டுக் காசுகளையும் ஒதுக்கி, யாழை மட்டும் பொறுக்கித் தேய்ப்பதில் ஒரு மாலை முழுவதும் போனது.

இனி உண்மையாகவே கோபம் வந்த இடம். மினுக்கும் பேட்ஜுக்குள் பொத்தான் பேட்டரி. அதன் மூடியை நான் நகத்தாலேயே திறந்துவிட்டேன். குழந்தைகள் சாமானில் அந்த மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும், கருவி இல்லாமல் திறக்கக்கூடாது. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பெட்டியில் "3 வயதுக்கு மேல்" என்று போட்டிருந்தார்கள். நாலு வயதுக்காரி இன்னும் எதையும் வாயில் வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறாள். பேட்ஜ் இரண்டும் அன்றைக்கே பேட்டரி சேகரிக்கும் தொட்டிக்குப் போய்விட்டன. ஜிகினாவிலும் இதே அலட்சியம்தான், எதனால் செய்தது என்று குழாயில் ஒரு வரி கூட இல்லை. உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது. கரையக்கூடிய, மட்கக்கூடிய வகையை விற்கலாம், ஆனால் அது எது என்று எழுத வேண்டாமா? நான் யோசித்து முடிப்பதற்குள் மகள் ஒரு குழாயைத் திறந்து கொட்டிவிட்டாள், சோபா கதை அங்கேதான் தொடங்கியது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். முதல் நட்சத்திரம் காகிதப் பாம்புக்கு. பேட்ரிக் அயர்லாந்திலிருந்து பாம்புகளை எல்லாம் விரட்டிவிட்டார் என்று கதை இருக்கிறதே, அதற்காக வைத்திருக்கிறார்கள். வட்ட அட்டையில் சுருள் சுருளாகக் கோடு, அதன் மேலேயே வெட்டிக்கொண்டு போக வேண்டும், நடுவில் தலை. கத்தரிக்கோல் பழகும் வயதுக்கு அருமையான பயிற்சி. தலையில் நூல் கட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேல் தொங்கவிட்டால் சூடான காற்று மேலே ஏறும் வேகத்தில் பாம்பு தானாகச் சுற்றும். இது பெட்டியில் எழுதியிருக்கவில்லை, தற்செயலாக அங்கே மாட்டியதில் கண்டுபிடித்தோம். பையன் ரேடியேட்டரை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டு, எரிவாயுக் கட்டணத்தை நினைத்து நான்தான் நிறுத்தினேன். இங்கே பனியுகம் முடிந்ததிலிருந்தே பாம்பு கிடையாது, தரையில் திரியும் உள்ளூர் ஊர்வன என்றால் ஒரு சின்னப் பல்லிதான் என்று சொன்னேன். "அப்போ அவர் எதை விரட்டினார்?" நல்ல கேள்வி.

இரண்டாவது நட்சத்திரம் லெப்ரிகான் பொறிக்கு, ஆனால் பெட்டி நினைத்த காரணத்துக்காக இல்லை. அட்டையை மடித்து ஒரு சின்ன வீடு, பக்கத்தில் ஏணி, மேலே ஓட்டை, உள்ளே தங்கக் காசு. ராத்திரி லெப்ரிகான் காசுக்கு ஆசைப்பட்டு ஏறி உள்ளே விழ வேண்டும், காலையில் அவன் தப்பித்த அடையாளமாகப் பச்சைக் காலடி போட்டுவைப்பது பெற்றோர் வேலை. இது அமெரிக்கப் பழக்கம். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டியிடம் காட்டினேன், சிரித்தார், எங்கள் காலத்தில் இப்படி எதுவும் கிடையாது என்றார். அவர் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த லாபம். லெப்ரிகான் செருப்புத் தைக்கிறவன். பழைய கதைகளில் அவனுக்குச் சட்டை சிவப்பு, பச்சை எல்லாம் பின்னால் வந்தது. அவனைப் பிடித்துவிட்டால் அவன் மேலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு நொடி திரும்பினால் ஆள் இருக்கமாட்டான். இதிலிருந்து வீட்டில் ஒரு விளையாட்டு பிறந்தது. ஒருவர் லெப்ரிகான், ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், மூன்றாமவர் "ஐயோ, பின்னாடி பூனை!" என்று எதையாவது சொல்லித் திருப்ப வேண்டும். சாப்பாட்டு மேசையில், பஸ்ஸில், பல் டாக்டர் அறைக்கு வெளியே, எங்கே வேண்டுமானாலும் ஆடலாம்.

இன்னொரு கதையும் அந்தப் பாட்டிதான் சொன்னார். ஒருவன் லெப்ரிகானைப் பிடித்துப் புதையல் எங்கே என்று மிரட்ட, அவன் ஒரு வயலுக்குக் கூட்டிப்போய் ஆயிரக்கணக்கான மஞ்சள் பூச்செடிகளுக்கு நடுவே ஒரு செடியைக் காட்டுகிறான். தோண்ட மண்வெட்டி இல்லை. அடையாளத்துக்குச் சிவப்புப் பட்டி ஒன்றைச் செடியில் கட்டிவிட்டு, இதை அவிழ்க்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். திரும்பி வந்தால் வயலில் இருக்கும் எல்லாச் செடியிலும் சிவப்புப் பட்டி. லெப்ரிகான் சத்தியத்தை மீறவில்லை பாருங்கள். இதை அப்படியே விளையாடினோம். தோட்டத்தில் ஒரு செடியடியில் பிளாஸ்டிக் காசைப் புதைத்து, பையன் அதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட்டு மண்வெட்டி எடுக்க உள்ளே போக வேண்டும், அதற்குள் நானும் மகளும் செடி, நாற்காலிக் கால், குப்பைத்தொட்டிப் பிடி என்று கைக்கு வந்ததில் எல்லாம் நூல் கட்டிவிட வேண்டும். முதல் தடவை அவன் வெளியே வந்து நின்ற முகத்தைப் படம் எடுக்கத் தவறிவிட்டேன். நாலு வயதுக் கைக்கு முடிச்சுப் போட வராது, சுற்றி மட்டும் விட்டாள், போதும். இது நாலு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. நூல் விலை இரண்டு யூரோ.

தொப்பியைப் பற்றி ஒரே வரி: எங்கள் பகுதி ஊர்வலத்தில் தூறல் போட்ட பத்தாவது நிமிடம் அட்டை ஊறி, பச்சைச் சாயம் பையன் நெற்றியில் வடிந்து, இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. ஊர்வலம் பற்றி இன்னும் ஒன்று. டப்ளின் நகர ஊர்வலம் பார்னெல் சதுக்கத்திலிருந்து நண்பகலில் புறப்படும், ஓ'கானல் தெரு முழுக்கக் கூட்டம். குழந்தைக்குத் தெரிவது பெரியவர்கள் முதுகு மட்டும்தான். போன வருடம் இரண்டு மணி நேரம் தோளில் சுமந்து என் கழுத்து போனது. சின்னக் குழந்தைகள் என்றால் உள்ளூர் ஊர்வலத்துக்குப் போங்கள். டிராக்டர், சாரணர், கையில் ஹர்லிங் (ஐரிஷ் பந்தாட்டம்) மட்டையோடு வாண்டுகள், தெரிந்த முகங்கள். முன்வரிசையில் நடைபாதை விளிம்பிலேயே உட்காரலாம்.

கடைக்குப் புகார் எழுதினேன். பேட்டரி மூடி, கொடி, தாமதம் மூன்றையும் படத்தோடு அனுப்பினேன். நாலு நாள் கழித்து "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஆரம்பித்து, ஈஸ்டர் பெட்டிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். பேட்டரி பற்றி ஒரு சொல் இல்லை. அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கலாமா என்று யோசித்தேன், பாம்பை நினைத்து விட்டுவிட்டேன்.

இப்போது பிரிஜிட் சிலுவை, அதாவது பிரிஜிட் நாளுக்காகத் தண்டுகளால் பின்னும் சிலுவை. பெட்டியில் அதற்காகத்தான் ஆறு பைப் கிளீனர் கொடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு மூன்று. மூன்றை வைத்துச் சிலுவை பின்னவே முடியாது, நடுவில் அந்தச் சதுரம் விழ வேண்டுமென்றால் குறைந்தது எட்டு ஒன்பதாவது வேண்டும். நல்ல வேளையாக நாங்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. ஜனவரி கடைசி சனிக்கிழமை எங்கள் பகுதி நூலகத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மேசை நடுவே ரஷ் என்ற செடியின் தண்டுகள் ஒரு பெரிய கட்டு, பச்சைப் பசேலென்று, ஈர மண் வாசனையோடு. பார்த்தால் அப்படியே கோரை. இனம் வேறு, ஆனால் ஈர நிலத்தில் அதே மாதிரி குத்துக் குத்தாக வளர்கிறது, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரிச் சோறு. அந்தக் காலத்தில் தோலை உரித்து அந்தச் சோற்றைக் கொழுப்பில் தோய்த்து விளக்கு எரித்திருக்கிறார்கள். சிலுவைக்கு இந்தத் தண்டை வெட்டக்கூடாதாம், கையால் பிடுங்க வேண்டுமாம்.

பின்னும் விதம் எளிது, ஆனால் கை வசப்பட நேரம் எடுக்கும். ஒரு தண்டை நேராக நிறுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொன்றைப் பாதியாக மடித்து, முதல் தண்டின் நடுவில் மாட்டி, இரண்டு முனையும் வலப்பக்கம் பார்க்க இழுக்க வேண்டும். மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மடித்து, முந்தையதன் மேல் மாட்டி, மறுபடி வலப்பக்கம். திருப்பு, மடி, மாட்டு, இழு. இருபது தண்டுக்கு மேல் போனால் நடுவில் அழகாகச் சதுரம் எழும்பும், நாலு கையையும் நூலால் கட்டி நுனியை நறுக்கினால் முடிந்தது. முக்கியம் என்னவென்றால் கட்டைவிரலை நடுவிலிருந்து எடுக்கவே கூடாது. பையன் மூன்று தடவை எடுத்தான், மூன்று தடவையும் சிலுவை அவிழ்ந்து மடியில் விழுந்தது. நாலாவது தடவை நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பேசாமல், முழுதாக நாற்பது நிமிடம் உட்கார்ந்து முடித்தான். நான் இவனை இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்தது தூக்கத்தில் மட்டும்தான். மகளுக்குத் தண்டு கேட்கவில்லை, ஒடிந்துகொண்டே இருந்தது, தண்ணீரில் நனைத்து அண்ணனுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். பின்னால் வீட்டில் கடையிலிருந்து ஒரு பாக்கெட் பைப் கிளீனர் வாங்கி வந்து அவளுக்கும் ஒன்று பின்ன வைத்தேன். வளைத்தால் வளைத்தபடியே நிற்கும் என்பதால் நாலு வயதுக்கு அதுதான் சரி.

நான் தூத்துக்குடிக்காரன். குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது ஓலையைக் கிழித்து மடித்துச் சிலுவை செய்துகொண்டே இருப்போம், அம்மா கையில் தட்டுவார். வீடியோவில் இதைக் காட்டியதும் அம்மா, "இதென்னல, கிலுக்குப் பின்ற மாதிரித்தானே இருக்கு" என்றுவிட்டு, அடுத்த நிமிடமே பேரனிடம் கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சிலுவையை வீட்டு வாசல் மேலோ கூரையிலோ செருகி வைப்பது வழக்கம், வீட்டில் தீப்பிடிக்காமல் காக்கும் என்று. கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது சமையலறைக் கதவுக்கு மேலே, புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்துவிட்டது. மேயோ மாவட்டத்தில் காசில்பார் பக்கம் டர்லோ பார்க் என்ற இடத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் கிராம வாழ்க்கைப் பிரிவு இருக்கிறது, அனுமதி இலவசம். அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள், மூன்று கை வைத்த சிலுவை கூட உண்டு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பேட்ரிக் நாளுக்கும் இப்படி ஒரு பழைய கைவேலை இருக்கிறது, பெட்டிக்காரர்கள் அதைத் தொடவே இல்லை. நூறு வருடம் முன்பு வரை பிள்ளைகள் காகிதத்தில் வட்டம் போட்டு, உள்ளே சிலுவை வரைந்து, வண்ணம் தீட்டிச் சட்டையில் குத்திக்கொண்டு போவார்களாம், பெண் பிள்ளைகள் ரிப்பனில் செய்வார்களாம். வண்ணத்துக்குக் கடைக்குப் போகவில்லை, பச்சைக்கு இலைச்சாறு, மஞ்சளுக்கு முட்டைக்கரு. நாங்கள் பசலைக்கீரையை நசுக்கினோம். முட்டையை வீணாக்க மனம் வராமல் மஞ்சள்தூளைக் குழைத்தேன். யோசனை பிரமாதம், மேசை வாடகை வீட்டுக்காரருடையது. வெள்ளை மேசை. வெயிலில் வைத்தால் மஞ்சள் கறை வெளுக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் டப்ளினில் மார்ச் மாதம் வெயிலுக்கு எங்கே போவது? பேட்ஜ் மட்டும் அழகாக வந்தது, கீரைப் பச்சை கொஞ்சம் பழுப்படித்தாலும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பௌரான் என்று ஆட்டுத்தோல் போர்த்திய ஐரிஷ் கைப்பறை ஒன்று உண்டு, ஒரு பக்கம் மட்டும் தோல், சின்னக் குச்சியால் அடிப்பது. காலியான பிஸ்கட் டப்பாவின் வாயில் பேக்கிங் தாளை நனைத்து இழுத்து ஒட்டிக் காயவிட்டால் சுமாராகச் சத்தம் வரும், இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்கினால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். சோடா ரொட்டி கட்டாயம் செய்யுங்கள். மைதா 450 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், பிரெட் சோடா ஒரு டீஸ்பூன் (நம் ஆப்ப சோடாதான், இங்கே அந்தப் பெயர்), மோர் 350 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. கடை மோர் கெட்டியாக இருக்கும், நம் வீட்டு நீர்மோர் ஆகாது. மோரின் புளிப்புதான் சோடாவைப் பொங்க வைக்கிறது, ஈஸ்ட் இல்லை, ஊறவைக்கும் வேலை இல்லை, பிசையவே கூடாது, கையை விரித்துக் கலக்கி உருட்டினால் போதும். சப்பாத்தி மாவு பிசைவதைப் பார்த்து வளர்ந்த என் மகன் அடித்துப் பிசைந்து முதல் ரொட்டி செங்கல் ஆனது. மேலே கத்தியால் ஆழமாகக் குறுக்கே சிலுவை கீற வேண்டும், நடுப்பகுதி வேகுவதற்கு என்று நான் சொன்னேன், தேவதைகள் வெளியே போவதற்கு என்று பாட்டி சொன்னார், பிள்ளைகள் யாரை நம்பினார்கள் என்று கேட்கவே வேண்டாம். 200 டிகிரியில் முக்கால் மணி நேரம். அடியில் தட்டினால் பானை மாதிரிச் சத்தம் வர வேண்டும்.

நூல், மாவு, மோர், பைப் கிளீனர், ஒரு ஷாம்ராக் தொட்டி எல்லாம் சேர்த்தும் பதினைந்து யூரோவைத் தொடவில்லை. பெட்டிக்குப் போனது 32.95. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், பெட்டி யாருக்குமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஒருவருக்கு ராத்திரி ஷிஃப்ட் என்றால், ஞாயிறு காலை பதினோரு நிமிடம் கூடப் பெரிய விஷயம், அந்த நாள்களை நானும் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கினால் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஜிகினாவைக் குழந்தை பார்ப்பதற்குள் ஒளித்துவிடுங்கள், பசைக் குச்சி இன்னொன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பிப்ரவரிக்கு வேண்டுமென்றால் கிறிஸ்துமஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பகுதி நூலகத்தின் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். உறுப்பினர் கட்டணம் கிடையாது, புத்தகம் தாமதமானால் அபராதமும் 2019 முதல் கிடையாது.

அந்த ஷாம்ராக் தொட்டி மார்ச் இரண்டாம் வாரம் பல்பொருள் கடையில் வாங்கியது. பேட்ரிக் நாள் முடிந்ததும் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், நாங்கள் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறோம். ஷாம்ராக் என்று தனியாக ஒரு செடியே இல்லை என்பது தெரியுமா? 1893இலும் 1988இலும் நாடு முழுக்க ஆட்களிடம் "உங்கள் ஷாம்ராக்கை அனுப்புங்கள்" என்று கேட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் வந்தது இரண்டு வகை க்ளோவர், ஒன்று மஞ்சளாகப் பூப்பது, இன்னொன்று வெள்ளையாகப் பூப்பது. இலையை வைத்து எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையன் மஞ்சள் என்று பந்தயம் கட்டியிருக்கிறான், மகள் பச்சைப் பூ என்கிறாள். இன்னும் மொட்டு விடவில்லை.